உள்ளங்கை விரித்தால் அப்படியே விடு

மார்ச் 3, திங்கள்

சம்பத் சார் வண்டி. பெரிய நீடில் மூன்றே கால் சுற்று. சின்ன நீடில் இரண்டரை. ஐடில் நிற்கவில்லை.

இவ்வளவுதான் எழுதச் சொன்னார் என் வீட்டுக்காரர். எந்த இஞ்சினுக்கு எத்தனை சுற்று என்று குறித்து வைத்தால் அடுத்த தடவை முதலிலிருந்து தேட வேண்டாமாம். டைரி பேரிங் கடையில் சும்மா கொடுத்தது. ஒரு பக்கத்துக்கு இருபது வரி இருக்கிறது. மிச்ச வரியை என்ன செய்வது? நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். என் எழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். அவர் படிக்க மாட்டார். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

இது குழந்தைகள் ஓட்டும் பேட்டரி கார் இல்லை. முழங்கை நீளம்தான், ஆனால் உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு நிஜ இஞ்சின். பெட்ரோல் குடிக்காது. நைட்ரோ என்று சிவப்பாக ஒன்று குடிக்கும், விளக்கெண்ணெயும் நகப்பாலிஷும் கலந்த வாசனை. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நாற்பது, ஐம்பது வயசு ஆம்பளைகள் ஓட்டுகிறார்கள். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. பிரேக் போட்டு நிறுத்தினால்தான் வம்பு. ஆக்சிலேட்டர் கொடுக்காமல் சும்மா நிற்கும்போது அணையாமலும் துள்ளாமலும் ஒரே சீராக முனகிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பேர் ஐடில். நைட்ரோ எண்ணெய் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று வைக்கிற திருகுதான் நீடில், பெரியது ஓட்டத்துக்கு, சின்னது ஐடிலுக்கு.

"ஓடற ஆம்பளையச் சமாளிச்சுப் போடலாம், சும்மா நிக்கற ஆம்பளையத்தான் சமாளிக்க முடியாது" என்று அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. வண்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லை.

அதையும் எழுதிவிடுகிறேன். பம்ப்செட் கம்பெனியில் டீசல் இஞ்சின் டெஸ்டிங் ஷெட்டில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். தடித்த சத்தம் கேட்கும். மெல்லிசான சத்தம் எதுவும் கேட்காது. குக்கர் விசில், குயில், மற்ற பொம்பளைகள் பேசுவது, எதுவும் இல்லை. வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையை ஆட்டுவார். போன் எடுக்க மாட்டார், "கை எண்ணெய்யா இருக்கும், மெசேஜ் போடுங்க" என்பார். என் குரல் மட்டும், கிட்டத்தில் முகம் பார்த்துப் பேசினால் கேட்கும். எனக்குக் கட்டைக் குரல். பெண் பார்க்க வந்தபோது இவர் அம்மா "பொண்ணு பேசுச்சா, அதோட அப்பன் பேசுனாரா" என்று கேட்டாராம். இப்போது அந்தக் குரல்தான் குடும்பம் நடத்துகிறது.

இந்தக் குட்டி இஞ்சினைக் காதால்தான் சரி பண்ண வேண்டும். ஊர் முழுக்க இவரை "கிட்டு மாஸ்டர் கேட்டாலே போதும்" என்கிறார்கள். கேட்பது நான். இவர் வண்டி பக்கத்தில் குந்தியிருப்பார், நான் எட்டடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். மூக்கைத் தொட்டால் சின்ன நீடில், காதைத் தொட்டால் பெரிய நீடில். ஒரு விரல் நீட்டினால் அரைக்கால் சுற்று இறுக்கு, இரண்டு விரல் என்றால் அரைக்கால் சுற்று தளர்த்து. கன்னத்தில் தட்டினால் ஐடில் திருகு. உள்ளங்கையை விரித்தால் கை வைக்காதே, அப்படியே விடு. பார்க்கிறவர்களுக்கு நான் பஸ் கண்டக்டருக்கும் பரதநாட்டியக்காரிக்கும் பிறந்தவள் மாதிரி இருப்பேன்.

யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் செவிட்டு மெக்கானிக்கிடம் யார் இஞ்சின் கொடுப்பார்கள்?

மார்ச் 5, புதன்

சம்பத் சார் பல்லடம் ரோட்டில், மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் களத்தை எடுத்து இந்த வண்டிகளுக்கு டிராக் போடுகிறார். 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு ரேஸ். பெரிய மனுஷர் ஒருவர் வந்து கொடி அசைக்கிறார். அவர் பேசி முடித்துக் கொடியைத் தூக்கும் வரை எட்டு வண்டியும் கோட்டில் ஐடிலில் நிற்க வேண்டும். சம்பத் சார் வண்டி நின்று காட்டிவிட்டால் டிராக்குக்கு நிரந்தர இஞ்சின் மாஸ்டர் என் வீட்டுக்காரர். தனி ஷெட், வாசலில் போர்டு. "கிட்டுசாமி, இஞ்சின் டியூனிங்" என்று. கல்யாணம் ஆன நாளாக போர்டு போர்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என் பேர் வேண்டாம். எனக்கு அந்த ஷெட்டில் ஒரு ஃபேன் போட்டால் போதும்.

இன்றைக்குக் களத்துக்குப் போனோம். சம்பத் சார் சம்சாரம் ஹேமா வந்திருந்தார்கள். வெள்ளையாக, நல்ல மாதிரி. எனக்கு வாழைப்பழம் கொண்டுவந்து, தோலும் உரித்துக் கையில் கொடுத்தார்கள். "சாப்...பிட்...டீங்...களா...ம்மா?" என்றார்கள், ஒவ்வொரு எழுத்தாக. பணக்காரர்கள் வார்த்தையையும் மென்றுதான் முழுங்குவார்கள் போல. நானும் விடுவேனா? "சாப்...பிட்...டேனுங்...கம்மா" என்றேன். அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஜோக் அடித்து ஒருத்தர் அழுதது இதுதான் முதல் தடவை.

மார்ச் 6, வியாழன்

இன்றைக்கு இஞ்சின் இல்லை. மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. குக்கர் கேஸ்கெட் மாற்ற வேண்டும்.

மார்ச் 8, சனி

சம்பத் சார் வண்டி. சின்ன நீடில் இரண்டரையிலிருந்து இரண்டே கால், பிறகு இரண்டு, பிறகு மறுபடி இரண்டரை. ஐடில் நிற்கவில்லை.

நோய் இதுதான். முழு வேகத்தில் ஒரு சுற்று ஓடி வந்து பிரேக் போட்டதும் சத்தம் கீழே இறங்க வேண்டும். இறங்க மாட்டேன் என்கிறது. ஙீ என்று மேலேயே தொங்குகிறது, பிறகு தொப்பென்று விழுந்து அணைகிறது. எண்ணெய் குறைவாகப் போனாலும் இப்படிச் செய்யும். இரண்டு வரைக்கும் இறுக்கிப் பார்த்ததில் இன்னும் மோசம், அதனால் மூக்கைத் தொட்டு இரண்டு விரல் காட்டினேன். தளர்த்தினார். அப்புறம் சோதனை: ஐடிலில் நிற்கும்போது எண்ணெய்க் குழாயை விரலால் நசுக்க வேண்டும். இரண்டு மூன்று நொடி ஓடி, லேசாகத் துள்ளி அணைந்தால் அளவு சரி. ஒரு தடவை சரியாக அணைந்தது. அடுத்த தடவை நசுக்கினதுமே செத்தது. அதே நீடில், அதே அளவு. ஒரே கேள்விக்குத் தினம் ஒரு பதில் சொல்கிற ஆளை நான் ஏற்கனவே ஒருத்தரைக் கட்டியிருக்கிறேன், எனக்குப் புரிந்துவிட்டது. கோளாறு நீடிலில் இல்லை.

உன்னிப்பாகக் கேட்டேன். சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். மெல்லிசாக, பல் இடுக்கில் காற்று இழுப்பது போல சீட்டி. கார்புரேட்டர் இஞ்சினில் உட்காரும் இடத்திலிருந்து வருகிறது. அங்கே ஓ-ரிங் என்று ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அது கெட்டால் தேவையில்லாத காற்று உள்ளே போகும். நீடிலை எத்தனை திருகினாலும் ஐடில் நிற்காது.

ஆனால் இதை எப்படிக் காட்டுவது? "காற்று இழுக்கிறது" என்பதற்கு எங்கள் ஜாடையில் ஒன்றும் இல்லை. கையை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"ஏனுங்க, கார்புரேட்டருக்கு அடியில காத்து இழுக்குதுங்க. சீட்டியடிக்குது."

"எனக்கு ஒண்ணும் அப்படித் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாதுங்க. அது மெல்லிசான சத்தம்."

"ஓ-ரிங் போன மாசம் நான் போட்டது, வசந்தா."

"போன மாசம் போட்டது இந்த மாசம் கெடக்கூடாதா? நானுந்தான் கட்டிட்டு வந்தப்ப நல்லா இருந்தேன். சரி, இனி நெத்தியத் தொட்டா காத்து இழுக்குதுன்னு வெச்சுக்கலாமுங்களா?"

சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சத்தத்த மட்டும் சொல்லு. காரணம் சொல்றது மெக்கானிக் சோலி."

ரசம் ஊற்றினேன். கொஞ்சம் சூடாகவே ஊற்றினேன்.

மார்ச் 10, திங்கள்

சம்பத் சார் வண்டி. சின்ன நீடில் இரண்டே முக்கால். ஐடில் நின்றது.

காலை ஏழு மணிக்குக் களத்தில் பனி மாதிரி குளிர். எண்ணெயைத் தாராளமாகத் திறந்துவிட்டார். ஓட்டை வழியே போகிற காற்றுக்கு ஈடாக எண்ணெய் போனதில் இரண்டு நிமிஷம் அசையாமல் நின்றது. சீட்டி இருந்தது. வெயில் ஏறட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. சத்தத்தை மட்டும்தானே சொல்ல வேண்டும்.

சம்பத் சார் குதிக்காத குறை. "கோயமுத்தூர்லயே இப்படி ஒரு காது கிடையாதுங்க மாஸ்டர்!"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், பணிவாம். நான் பின்னால் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டேன். புகழ்ந்தால் அந்தக் காதுக்குத்தானே அரிக்கும். அதைப் பார்த்து அவர் அவசரமாகப் பெரிய நீடிலைப் பிடித்துவிட்டார். உள்ளங்கையைக் காட்டினேன்.

வருகிற வழியில் வண்டியை நிறுத்தி, ரோட்டுக் கடையில் காளான் மசாலா வாங்கிக் கொடுத்தார், வெங்காயம் நிறையப் போட்டு. எனக்குப் பிடிக்கும் என்று நினைவு வைத்திருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

எனக்குக் களத்தில் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. ஸ்டூலை எடுத்துவிட்டுக் கை வைத்த நாற்காலி போட்டிருக்கிறார்கள். "சாஞ்சுக்கலாம், விழ மாட்டீங்க" என்றார் சம்பத் சார். நான் எதற்கு விழப் போகிறேன்? பக்கத்தில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணப் போனவரை, "அந்தம்மா பயந்துக்குவாங்க, தள்ளிப் போய் பண்ணுங்க" என்று விரட்டினார். பாத்ரூமுக்கு எழுந்தால் ஹேமா அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார்கள். மாஸ்டர் சம்சாரத்துக்கே இவ்வளவு என்றால் மாஸ்டருக்கு எவ்வளவு இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். நல்ல வெளிச்சத்தில், நேராக அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். கேட்காத மாதிரி ஸ்பானரைத் துடைத்தார்.

மார்ச் 15, சனி

சம்பத் சார் வண்டி. அளவு எழுதவில்லை.

டிபன் கேரியர் மூடி ஒன்று காணோம்.

மார்ச் 16, ஞாயிறு

மூடி தொலையவில்லை. களத்தில் குழாயடியிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஏன் விட்டேன் என்று எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் கேரியர் கழுவப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஹேமா அம்மா யாரோ தோழியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டடி தூரத்தில் ஓ-ரிங் கெட்டால் கேட்கிற காது, இது கேட்காதா?

"பாவம்டி, மாஸ்டரோட ஒய்ஃப். பஸ்ல இருந்து விழுந்து தலைல அடியாம். அதுல இருந்து புத்தி சரியில்ல. கை தன்னால ஆடிட்டே இருக்கும் பாரு, மூக்கத் தொடறது, காதத் தொடறதுன்னு. வீட்ல தனியா விட முடியாதுன்னு போற எடத்துக்கெல்லாம் கூட்டிட்டு வர்றார். சமையல் கூட அவர்தானாம். அவரே சொன்னார். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன்!"

சமையல் அவராம். இருபத்தாறு வருஷத்தில் சுடுதண்ணி வைத்தவர் இல்லை. உப்பு டப்பா எது, சோடா டப்பா எது என்று தெரியாது. அதைத்தான் முதலில் நினைத்தேன். மற்றது மெதுவாகத்தான் உள்ளே போனது. வாழைப்பழம், கை வைத்த நாற்காலி, பாத்ரூம் வரைக்கும் கையைப் பிடித்தது, எல்லாம் ஒவ்வொன்றாக.

இன்றைக்குக் காலையில் இட்லி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, நான் எந்த பஸ்ல இருந்து விழுந்தேன்? ஒன்பதாம் நம்பரா, பன்னண்டாம் நம்பரா?"

கை அப்படியே நின்றது.

"நான் பஸ்ல ஏறுனா சண்டை போட்டு சீட்டுப் பிடிக்கறவ. விழற எடத்துக்கு எவன் என்னை விட்டான்?"

"கையக் கைய ஆட்டறே. பாக்கறவங்கெல்லாம் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்? எனக்குக் காது செவுடு, அவதான் கேட்டுச் சொல்றான்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. சொன்னா என்ன? என்ற பொண்டாட்டிக்குக் காது, எனக்குக் கை, ரெண்டு பேருஞ் சேந்து ஒரு மெக்கானிக்குன்னு சொல்லுங்க."

சிரித்தார். நான் இத்தனை வருஷமாக எத்தனையோ ஜோக் அடித்திருக்கிறேன், பாதிக்கு மேல் அவர் காதில் விழுந்ததில்லை. இது ஜோக் இல்லை. இதற்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

அப்புறம் குரலை இறக்கி, "ஒரு வாரந்தானே, அம்மிணி. பொறுத்துக்கோ. போர்டு மாட்டுன பொறகு எல்லார்த்துகிட்டயும் நானே சொல்றேன்" என்றார்.

இன்னும் இரண்டு இட்லி போட்டேன். சாப்பிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

காந்திபுரம் போய் ஓ-ரிங் ஒன்று வாங்கி வந்தேன். அவருடைய பழைய ஸ்பேர் டப்பாவிலிருந்து அளவுக்கு ஒன்று எடுத்துப் போனேன். கடைக்காரர், "எந்த வண்டிக்குங்கம்மா?" என்றார். "புத்தி சரியில்லாத வண்டிக்கு" என்றேன். சிரித்தார். யாராவது சிரித்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

சம்பத் சார் வண்டி. சின்ன நீடில் இரண்டே முக்கால். வெயிலில் ஐடில் நிற்கவில்லை.

வெயில் ஏறிப் பதினோரு மணிக்கு ஓட்டிப் பார்த்தார்கள். இஞ்சின் சூடேறச் சூடேற சீட்டி பெருகியது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் சம்பத் சாரிடமே சொன்னேன்.

"சார், கார்புரேட்டருக்கு அடியில காத்து இழுக்குதுங்க. ஓ-ரிங் மாத்துனா நின்னுரும்."

என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷன், அதனால்தான் சிரித்தார். "சரிங்கம்மா. சரிங்கம்மா. மாத்திடலாம்." தோளைத் தட்டினார். பிறகு என் தலைக்கு மேல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாஸ்டர், அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கல போல" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். என் முழங்கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் வண்டிப் பக்கம் போய்விட்டார்.

நிழலில் உட்கார்ந்து யோசித்தேன். ஊமைக்குக் கூட ஜாடை உண்டு. நான் வாயால் பேசினேன், கட்டைக் குரலில், சுத்தத் தமிழில், சரியான காரணத்தை. அதைக் கேட்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை. களத்தில் ஒருத்தர்தான் செவிடு என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

கீரை. தேங்காய் இல்லை. துவைக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு. மாலை

பேனாவை இரண்டு விரலுக்கு நடுவில் செருகி எழுதுகிறேன். கட்டைவிரல் வெந்திருக்கிறது. எழுத்து இன்றைக்குக் கோழி கிளறினதை விட மோசம்.

காலையில் கிளம்பும்போதே முந்தானையை அவிழ்த்து ஓ-ரிங்கைக் கொடுத்தேன். "அரை மணி நேரச் சோலிங்க. போட்டுருங்க."

"இன்னைக்கு அங்க வெச்சுப் பிரிச்சா எல்லாம் என்னன்னு கேப்பாங்க. இத்தன நாளு கேக்கலயா மாஸ்டர்ன்னு கேப்பாங்க" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொடி அசைக்க வேண்டிய பெரிய மனுஷர் ஒன்பது மணிக்கு வர வேண்டியவர், பதினொன்றரைக்கு வந்தார். பந்தல், மைக், எட்டு வண்டி கோட்டில். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு ஆள் குந்தியிருந்தார். சம்பத் சார் மேடையில் ரிமோட்டோடு நின்றார். என் வீட்டுக்காரர் வண்டியின் மேல்மூடியைக் கழற்றி வைத்து, ஒரு கை அடித்தட்டில், ஒரு கை ஸ்க்ரூ டிரைவரில், கண் என் மேல். நான் கை வைத்த நாற்காலியில், பக்கத்தில் ஹேமா அம்மா.

பெரிய மனுஷர் பேச ஆரம்பித்தார். ஒரு நிமிஷம் நின்றது. பிறகு சத்தம் ஏறியது. மூக்கைத் தொட்டு இரண்டு விரல். தளர்த்தினார், இறங்கியது, மறுபடி ஏறியது. கன்னத்தில் தட்டினேன், ஐடில் திருகைக் குறைத்தார். இறங்கி, திணறி, அணையப் போய், மறுபடி ஙீ என்று மேலே. ஹேமா அம்மா என் கையைப் பிடித்து மடியில் வைத்து, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றார்கள். உருவிக்கொண்டேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. என்ன செய்ய, என்ன செய்ய என்று கேட்கிற கண்.

நெற்றியைத் தொட்டேன்.

அவருக்குப் புரிந்தது. அது என்ன என்று நான் அன்றைக்கே சொன்னேனே. பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார். நீடிலைத் திருகினார்.

இனி ஒரு நிமிஷத்தில் செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாகக் கேட்ட போர்டு. நான் எழுந்தேன். எட்டடிதான். குனிந்து, கட்டைவிரலை எச்சில் தொட்டு, கார்புரேட்டர் அடியில் சீட்டி வருகிற இடத்தில் அழுத்தினேன்.

சீட்டி நின்றது. சத்தம் இறங்கி, அப்படியே உட்கார்ந்தது. துள்ளல் இல்லை, திணறல் இல்லை. இந்த இஞ்சினை ஒரு மாதமாகக் கேட்கிறேன், அது இப்படி நின்று நான் கேட்டதில்லை. விரல் வேகிற வாசனை எனக்கே வந்தது. எடுக்கவில்லை. அவர் கை அடித்தட்டில் இருந்தது. சத்தம் கேட்காதவருக்கு அதிர்வு தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு நொடி. அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது.

"அய்யோ, யாராச்சும் பிடிங்க! கைய சுட்டுக்கறாங்க!" மேடையிலிருந்து சம்பத் சார். இரண்டு பேர் வந்து என்னைத் தூக்கினார்கள். விரல் வந்ததும் இஞ்சின் ஒரு கத்து கத்திவிட்டு அணைந்தது.

மைக் கூட நின்றுவிட்டது. அந்த அமைதியில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கை கூப்பினார்.

"மன்னிச்சுக்கோங்க சார். ஊட்லயே விட்டுட்டு வந்திருக்கோணும். நல்லா நின்னுட்டு இருந்த இஞ்சின, கைய வெச்சுக் கெடுத்துப் போட்டா."

நல்லா நின்னுட்டு இருந்த இஞ்சின். அது நன்றாக நின்றது என் விரலுக்குக் கீழே மட்டும்தான்.

ஹேமா அம்மா அழுதுகொண்டே மருந்து போட்டார்கள். ஏழு வண்டியோடு ரேஸ் நடந்தது. முடிந்த பிறகு சம்பத் சார் வந்தார். "உங்க மேல தப்பில்ல மாஸ்டர். நானும் கண்ணால பாத்தேனே. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே வீட்டுக்கு வர்றேன், ஷெட்டு சாவி தர்றேன். கண்டிப்பா இருங்க. பதினோரு மணிக்கு இதே வேலையக் கேட்டுத் திருப்பூர்காரர் ஒருத்தர் வர்றார், நீங்க இல்லன்னா சாவி அவருக்குப் போயிடும்." கொஞ்சம் தயங்கி, "ஒண்ணே ஒண்ணு. அம்மாவ இனிமே களத்துக்குக் கூட்டிட்டு வர வேண்டாம். அவங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

"சரிங்க சார்" என்றார். யோசிக்கக்கூட இல்லை.

வருகிற வழியில் காளான் கடையில் நிறுத்தினார். எனக்கு வலது கை ஆகாது. ஸ்பூனில் எடுத்து ஊட்ட வந்தார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், எவ்வளவு நல்ல புருஷன். வாயைத் திறக்கவில்லை.

"போர்டு வந்த பொறகு சொல்றேன்னீங்களே" என்றேன்.

"இனி எப்படிச் சொல்றது? நீ போயி கைய வெச்ச பொறகு எவன் நம்புவான்?"

"நானில்லாம எப்படிங்க கேப்பீங்க?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. அங்கேயே யோசித்து முடித்திருக்கிறார். "சாயங்காலம் சாயங்காலம் வண்டிய ஊட்டுக்குக் கொண்டாந்தர்றேன். பின்னால வெச்சுக் கேட்டுச் சொல்லு. வெளிய ஒருத்தனுக்குந் தெரியாது. உனக்கும் வெயில்ல அலைச்சல் மிச்சம்."

இந்தா, ஃபேன் கிடைத்துவிட்டது.

மார்ச் 24, திங்கள். காலை

ஒன்பதரைக்கே குளித்துவிட்டார். விளக்கெண்ணெய் வாசனை போக இரண்டு தடவை சோப்பு. பின்கட்டில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். நான் முன் அறையில், ஜன்னல் பக்கம். கேட் தாழ் போட்டிருக்கிறது. அவர் போன் என் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது.

பத்து அடித்து இரண்டு நிமிஷம். கார் வந்து நிற்கிறது.

"மாஸ்டர்!"

அவர் பின்கட்டிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்க்கிறார். புருவத்தைத் தூக்கி, வந்தாச்சா என்று கேட்கிறார்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

தலையை ஆட்டிவிட்டுக் காலர் பக்கம் தேய்க்கப் போனார். என் கையை அவர் நம்புவார். நேற்று ஒரு தடவைதான் நம்பவில்லை.

"மாஸ்டர்! கிட்டு மாஸ்டர்!" தடித்த குரல்தான். ஆனால் கதவு, இரண்டு சுவர், நடுவே இவ்வளவு தூரம். கேட்டைத் தட்டுகிறார். போனில் வெளிச்சம் வந்து போகிறது, மறுபடி வருகிறது. அதைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுபடி எட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளங்கை.

காரின் இஞ்சினை அணைக்கவில்லை. அதனால் கேட்டுவிட்டேன், பழக்கம். எழுதியும் விடுகிறேன், டைரி அதற்குத்தானே கொடுத்தார்.

சம்பத் சார் கார். டீசல். ஐடில் ஒரே சீராக நிற்கிறது. துள்ளல் இல்லை, சீட்டி இல்லை. ஆறு நிமிஷம் நின்றது.

கிளம்பிவிட்டது. முக்கு திரும்பும் வரை கேட்டது.